காது, தோல், நரம்பு, கண், இதயம் பார்க்கும் மருத்துவர்களுக்கும் பாடத்திட்டக் குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் மரபியல் ஆலோசனை சொல்லும் வேலையில் இருக்கிறேன். பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, இது என்ன நோய், எங்களுக்கு ஏன் வந்தது, அடுத்த பிள்ளைக்கும் வருமா என்று கேட்கிற குடும்பங்களுக்குப் பதில் சொல்வதுதான் என் அன்றாட வேலை. நீங்கள் ஒவ்வொருவரும் ஓர் உறுப்பைப் பார்க்கிறீர்கள். எனக்கு எல்லாப் பிரிவுகளிலிருந்தும் ஆட்கள் வருவதால், உங்களில் யாருக்கும் தனியாகத் தெரிய வாய்ப்பில்லாத ஒன்று எனக்குத் திரும்பத் திரும்பத் தெரிகிறது. காது கேளாத குழந்தை, கால் மெலிந்து தடுமாறி நடக்கும் இளைஞர், உள்ளங்கை தடித்து நகம் சிதைந்த பெண், பிறவியிலேயே கண்புரை உள்ள குடும்பம், இவர்களில் ஒரு பகுதியினருக்குக் கோளாறு ஒரே புரதக் குடும்பத்தில்தான் இருக்கிறது. செல்லுக்கும் செல்லுக்கும் இடையே நேரடிப் பாதை போடும் கனெக்ஸின்கள் என்ற குடும்பம் அது.

இவற்றை ஒரே நோய்க் குடும்பமாகக் கற்றுக்கொடுங்கள், ஒரே நோய்க் குடும்பமாக விசாரியுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். புதுப் பிரிவு தொடங்கச் சொல்லவில்லை, பெரிய இயந்திரம் வாங்கச் சொல்லவில்லை. உங்கள் உறுப்பைத் தாண்டி இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்கச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

முதலில் பாடத்திட்டக் குழுவினரிடம் பேசிவிடுகிறேன். செல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் இடங்களைப் பற்றி மாணவர் படிக்கும்போது டெஸ்மோசோம், டைட் ஜங்ஷன், கேப் ஜங்ஷன் என்று படம் வரைந்து பேர் குறிக்கிறார், மதிப்பெண் வாங்குகிறார். பிறகு இதயத்தைப் படிக்கும்போது, மின் அலை ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்குக் கேப் ஜங்ஷன் வழியாகப் போகிறது என்று ஒரு வரி வரும். அதோடு முடிந்தது. அந்தப் படத்தில் இருந்த சின்னக் குழாய் கெட்டுப்போனால் ஒரு மனிதருக்கு என்ன ஆகும் என்பதை, நோய்களைப் படிக்கும் ஆண்டுகளில் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. காது கேளாமை ஒரு புத்தகத்தில், நரம்பு நோய் வேறொரு புத்தகத்தில், தோல் நோய் இன்னொன்றில் என்று இருக்கிறது, மூன்றும் ஒன்றையொன்று பேர் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை.

அந்தக் குழாயை ஒரு முறை சரியாக நினைவுபடுத்திக்கொள்வோம். இதயத்திலும் ஈரலிலும் பக்கத்துப் பக்கத்துச் செல்களின் சவ்வுகள் மிக நெருங்கி வரும் இடங்களில் அறுகோண வடிவில் அடுக்கிய துகள்கள் இருப்பதை ரெவெல், கார்னோவ்ஸ்கி இருவரும் 1967இல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் காட்டினார்கள். அங்கே இரண்டு சவ்வுகளுக்கும் நடுவே 2 முதல் 4 நானோமீட்டர் இடைவெளிதான். ஆறு கனெக்ஸின்கள் வட்டமாகச் சேர்ந்து ஒரு செல்லின் சவ்வில் பாதிக் குழாய் ஆகின்றன, எதிர்ச் செல்லும் அதேபோல ஒரு பாதியைக் கொண்டுவருகிறது, இரண்டும் நடுவில் பொருந்தினால் முழுப் பாதை. அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் பொதுச் சுவரில் ஆளுக்குப் பாதியாகக் கதவு போட்டுக்கொள்வது மாதிரி என்று குடும்பங்களுக்குச் சொல்வேன், உடனே புரிந்துவிடும். பொட்டாசியம், கால்சியம் போன்ற அயனிகள், குளுக்கோஸ், ஐபி3, சைக்ளிக் ஏஎம்பி போன்ற தூது மூலக்கூறுகள், சுமார் 1000 டால்டன் எடைக்குள் இருக்கும் சின்னப் பொருட்கள் எல்லாம் இதன் வழியாகப் போகும். புரதங்கள் போகாது.

மனிதரில் கனெக்ஸின் மரபணுக்கள் 21 இருக்கின்றன. புரதத்தின் எடையை வைத்து கனெக்ஸின் 26, 32, 43 என்று எண் போட்டுக் கூப்பிடுகிறார்கள். ஒரு திசுவில் இரண்டு மூன்று வகைகள் கலந்திருக்கும், ஒரே வகை பல திசுக்களில் இருக்கும். நோய் ஏன் இப்படி உறுப்பு உறுப்பாகச் சிதறித் தெரிகிறது என்பதற்கு இந்தக் கலப்பு ஒரு முக்கியக் காரணம். ஒரு வகை கெட்டால் ஓர் இடத்தில் இன்னொன்று கைகொடுக்கும், வேறோர் இடத்தில் கைகொடுக்க ஆள் இருக்காது.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, கனெக்ஸின் மாற்றத்தால் வருவதாக முதன்முதலில் நிறுவப்பட்ட மனித நோய்தான். 1993இல், எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும் சார்கோ-மேரி-டூத் நரம்பு நோய்க்கு கனெக்ஸின் 32 மரபணுவில் ஏற்படும் மாற்றங்களே காரணம் என்று கண்டுபிடித்தார்கள். கனெக்ஸின் 32 ஈரலில் ஏராளமாக இருக்கிற புரதம். ஆனால் இந்த நோயாளிகளுக்கு ஈரலில் சொல்லும்படியான கோளாறு வருவதில்லை. கால் தசை மெலிகிறது, பாதம் வளைகிறது, கையின் சிறு தசைகள் சுருங்குகின்றன. நரம்பைச் சுற்றி மயலின் உறை போடும் ஷ்வான் செல்தான் அங்கே பாதிக்கப்படுகிறது. அந்தச் செல் தன்னையே நரம்பைச் சுற்றிப் பல சுற்று சுற்றிக்கொள்கிறது. வெளிப்புறம் இருக்கும் செல் உடலிலிருந்து உட்புற அடுக்குக்கு ஒரு பொருள் போக வேண்டுமானால், எல்லாச் சுற்றையும் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அதற்குப் பதிலாக அடுக்குக்கு அடுக்கு குறுக்குவழி போட்டுவைத்திருப்பது கனெக்ஸின் 32. அதாவது இங்கே இரண்டு செல்களுக்கு நடுவில் பாதை இல்லை, ஒரே செல்லின் அடுக்குகளுக்கு நடுவில். இயற்கை ஒரே கருவியை இப்படியும் பயன்படுத்தியிருக்கிறது என்பதை முதன்முதலில் படித்தபோது எனக்கு வந்த வியப்பு இன்னும் போகவில்லை.

நரம்பியல் மருத்துவர்களிடம் இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். இந்த நோய் உள்ளவர்களில் சிலருக்கு, உயரமான மலைப் பகுதிக்குப் போய் வந்த பிறகோ, காய்ச்சலின்போதோ, கடுமையான உடல் உழைப்புக்குப் பிறகோ திடீரென்று பேச்சு குளறும், கை கால் செயலிழக்கும், விழுங்க முடியாமல் போகும். பக்கவாதம் மாதிரியே இருக்கும். எம்ஆர்ஐ எடுத்தால் மூளையின் வெண்பொருளில் இரண்டு பக்கமும் மாற்றம் தெரியும். மூளையில் மயலின் போடும் செல்களிலும் இதே கனெக்ஸின் இருப்பதால்தான் இப்படி ஆகிறது. பெரும்பாலும் சில மணி நேரத்திலிருந்து சில வாரங்களுக்குள் சரியாகிவிடும். கால் நரம்பு நோய் இருப்பதே அதுவரை கண்டுபிடிக்கப்படாத ஒரு பையன் இப்படித்தான் முதன்முதலாக மருத்துவமனைக்கு வரலாம். அந்த நேரத்தில் அவன் பாத வளைவைப் பார்த்து, அம்மாவின் கால்களையும் ஒரு முறை பார்த்தால், பல தேவையற்ற பரிசோதனைகளும் சிகிச்சைகளும் மிச்சமாகும். பெண்களுக்கு நோய் லேசாக இருக்கும், சிலருக்குத் தெரியவே தெரியாது, அதனால் எனக்கு ஒன்றுமில்லை என்று அம்மா சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். ஏற்கெனவே நோய் உறுதியானவர்களிடம் இந்த மலைப் பயண விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். என்னிடம் வருகிறவர்களில் இது சொல்லப்பட்டு வந்தவர்கள் மிகக் குறைவு.

அடுத்தது காது. நான் அதிகம் பேச விரும்புவது இதைப் பற்றித்தான், ஏனென்றால் எண்ணிக்கையில் மற்ற எல்லாவற்றையும் விட இது பெரியது. ஆயிரம் குழந்தைகளில் ஒன்று அல்லது இரண்டு குழந்தைகள் குறிப்பிடத்தக்க செவித்திறன் குறைவோடு பிறக்கின்றன. காது கேளாமையைத் தவிர வேறு எந்தக் கோளாறும் இல்லாமல், பெற்றோர் இருவரிடமிருந்தும் மாறிய மரபணுவின் ஒவ்வொரு பிரதி வந்து சேர்ந்து உண்டாகும் கடுமையான காது கேளாமையில், உலகின் பல மக்களிடையே ஏறக்குறைய பாதி வரை ஒரே மரபணுவால் வருகிறது. ஜிஜேபி2 என்ற அந்த மரபணுதான் கனெக்ஸின் 26க்கான குறிப்பு. 1997இல் இது தெரியவந்தது. காது கேளாமைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் காரணமாகலாம் என்னும்போது ஒன்று மட்டும் இவ்வளவு பெரிய பங்கை எடுத்துக்கொள்வது அபூர்வம். மாற்றத்தின் வகை மட்டும் மக்களுக்கு மக்கள் மாறுபடும்: ஐரோப்பிய வழியினரிடம் மரபணுவின் 35ஆம் இடத்தில் ஓர் எழுத்து விடுபடுவது அதிகம், கிழக்கு ஆசியாவில் 235ஆம் இடத்தில், தெற்கு ஆசியாவில் 24ஆவது அமினோ அமிலத்திலேயே புரதம் பாதியில் நின்றுவிடும் மாற்றம் அதிகம். ஒரு மக்களுக்கென்று அமைத்த பரிசோதனையை இன்னொரு மக்களிடம் அப்படியே போட்டுப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று எழுதித் தரக்கூடாது என்பது இதிலிருந்தே தெரியும். மரபணுவை முழுதாகப் படிக்க வேண்டும், பக்கத்தில் இருக்கும் கனெக்ஸின் 30 மரபணுப் பகுதியில் பெரிய துண்டு விடுபட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இப்போது மனதில் உள்ளதைச் சொல்கிறேன். காது கேளாத குழந்தையோடு வரும் பெற்றோரிடம், குடும்பத்தில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று கேட்கிறீர்கள், இல்லை என்றதும் அப்படியானால் மரபுவழி இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறீர்கள். எல்லோரும் இப்படிச் செய்வதில்லை என்று தெரியும். ஆனாலும் இந்தப் பதிலோடு என்னிடம் வந்து சேருகிற குடும்பங்கள் நின்றபாடில்லை. இந்த வகைக் காது கேளாமையில் பெரும்பாலான குழந்தைகளின் பெற்றோருக்கு நன்றாகவே காது கேட்கும், முன்னோரிலும் யாருக்கும் இருந்திருக்காது. ஒரு பிரதி மட்டும் மாறியவர்களுக்கு எதுவும் தெரியாது, அப்படிப்பட்ட இருவர் தம்பதியானால்தான் ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு வருகிறது. மரபுவழி இல்லை என்ற அந்த ஒரு வாக்கியம் இரண்டு கெடுதல் செய்கிறது. ஒன்று, அடுத்த பிள்ளையைப் பற்றிய கணக்கு தவறாகிவிடுகிறது. மற்றது எனக்கு இன்னும் வலிக்கிறது: காரணம் தெரியாத இடத்தில் குற்றம் வந்து உட்கார்ந்துகொள்கிறது, அது பெரும்பாலும் தாயின் தலையில் விழுகிறது. கர்ப்பத்தில் எதைச் சாப்பிட்டாள், எந்த மாத்திரை போட்டாள், எங்கே விழுந்தாள் என்று ஆண்டுக்கணக்கில் கேள்வி கேட்கிறார்கள். பரிசோதனைத் தாளில் இரண்டு வரி அந்தப் பெண்ணை விடுவித்துவிடும். விடுவித்ததை நேரில் பார்த்திருக்கிறேன்.

நடைமுறைப் பலனும் இருக்கிறது. இந்தக் குழந்தைகளுக்குக் காது நரம்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், கோளாறு அதற்கு முன்னால் உள்ள உட்காதில். அதனால் காது நரம்பை நேரடியாகத் தூண்டும் கருவியான காக்ளியர் இம்ப்ளாண்ட் பொருத்தினால் பேச்சுக்கும் கேட்டலுக்கும் நல்ல பலன் கிடைக்கிறது என்று பல இடங்களிலும் பார்த்திருக்கிறார்கள். குழந்தை பிறந்து 1 மாதத்துக்குள் செவிச் சோதனை, 3 மாதத்துக்குள் உறுதி, 6 மாதத்துக்குள் உதவி என்ற வழிகாட்டுதல் உங்களுக்குத் தெரிந்ததே. ஆனால் கனெக்ஸின் 26 மாற்றம் உள்ள சில குழந்தைகள் பிறந்தவுடன் செய்யும் சோதனையில் தேறிவிட்டுப் பிறகு கேட்கும் திறனை இழக்கிறார்கள், குறிப்பாகப் புரதம் முழுதாக அழியாமல் 37ஆவது அமினோ அமிலம் மட்டும் மாறியிருப்பவர்கள். முதல் சோதனையில் தேறியது என்று கோப்பை மூடிவிடாமல், பேச்சு தாமதமாகும் குழந்தையை மறுபடி சோதியுங்கள். அப்புறம், சைகை மொழியில் வாழ்ந்து, காது கேளாமையை நோயாகவே கருதாத மக்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மரபணு விவரம் கொடுப்பதும் மரியாதையோடு நடக்க வேண்டும், திருத்த வேண்டிய பிழையைச் சொல்லும் குரலில் நடக்கக் கூடாது. காது கேளாத இருவர் திருமணம் செய்து, இருவருக்கும் காரணம் இதே மரபணுவாக இருந்தால் பிள்ளைகளுக்கும் அப்படியே இருக்கும். இருவருக்கும் வெவ்வேறு மரபணு என்றால் பெரும்பாலும் பிள்ளைகளுக்குக் காது கேட்கும். தெரிந்துகொள்ள விரும்பினால் தெரிந்துகொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு.

பாடம் நடத்துகிறவர்களுக்கு இன்னொன்று. உட்காதில் ஒலியை உணரும் மயிர் செல்களில் கனெக்ஸின் கிடையாது, அவற்றைத் தாங்கி நிற்கும் துணைச் செல்களில்தான் இருக்கிறது. மயிர் செல்லை விட்டு வெளியேறும் பொட்டாசியத்தைத் துணைச் செல்கள் உறிஞ்சி, ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கடத்தி, உட்காதுத் திரவத்துக்கு மறுபடி கொண்டு சேர்ப்பதுதான் இந்தக் குழாய்களின் வேலை என்று பாடப்புத்தகங்கள் அடித்துச் சொல்கின்றன. அந்தத் திரவம் சுமார் 80 மில்லிவோல்ட் நேர்மின்னழுத்தத்தில் இருப்பது கேட்டலுக்கு அவசியம், அதனால் விளக்கம் அழகாகப் பொருந்துகிறது. ஆனால் 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 84ஆவது அமினோ அமிலம் மாறிய கனெக்ஸின் 26 அயனிகளைத் தடையில்லாமல் விடுகிறது, ஐபி3 என்ற தூது மூலக்கூறு போவதில்தான் குறை என்று காட்டினார்கள். அந்த மாற்றம் உள்ளவருக்கும் காது கேட்பதில்லை. எலிகளில் கனெக்ஸின் 26ஐ நீக்கினால், உட்காது வளரும் காலத்திலேயே அதன் உள்ளமைப்பு சரியாகத் திறப்பதில்லை என்றும் பின்னால் தெரிந்தது. ஆகப் பொட்டாசியம் மட்டுமே கதை என்று இனியும் எழுதிக்கொண்டிருப்பது சரியில்லை. பாதை திறந்திருக்கிறதா என்பதோடு எதை விடுகிறது, எந்த வயதில் விடுகிறது என்பதும் நோயைத் தீர்மானிக்கிறது. மாணவர்களுக்கு இந்தக் குழப்பத்தையும் சேர்த்தே சொல்லுங்கள், அவர்கள் தாங்குவார்கள்.

இப்போது தோல் மருத்துவர்கள். இதே ஜிஜேபி2 மரபணுதான், ஆனால் மாற்றம் வேறு. இரண்டு பிரதியும் செயலிழந்தால் காது மட்டும் கேட்காது, தோல் ஏறக்குறைய இயல்பாகவே இருக்கும். ஒரே ஒரு பிரதியில், உதாரணமாக 50ஆவது இடத்தில் அஸ்பார்ட்டிக் அமிலத்துக்குப் பதில் அஸ்பராஜின் வந்தால், தோல் தடித்துச் செதில் படர்கிறது, கருவிழியில் அழற்சி வந்து ரத்தக் குழாய்கள் படர்ந்து பார்வை போகிறது, காதும் கேட்பதில்லை. கேஐடி நோய்க்குறி என்று எழுதுவீர்கள். கருவிழி, தோல், காது மூன்றும் ஒருசேர. இங்கே நடப்பது அடைப்பு இல்லை, ஒழுக்கு. எதிர்ச் செல்லின் பாதியோடு சேராமல் தனியாக நிற்கும் அரைக் குழாய்கள் சாதாரணமாக மூடியே இருக்கும், வெளியே இருக்கும் கால்சியம் அவற்றை மூடிவைக்கிறது. இந்த மாற்றம் வந்தவை சரியாக மூடுவதில்லை, செல்லுக்குள் இருப்பது வெளியே கசிகிறது, வெளியே இருப்பது உள்ளே வருகிறது. இல்லாமல் போனதால் வரும் நோய்க்கும் மூடாமல் போனதால் வரும் நோய்க்கும் மருந்து ஒன்றாக இருக்க முடியாது. முன்னதற்குப் புரதத்தைக் கொடுக்க வேண்டும், பின்னதற்கு அடைக்க வேண்டும். அதனால்தான் அறிக்கையில் மரபணுவின் பெயரை மட்டும் எழுதாதீர்கள், எந்த இடத்தில் எந்த மாற்றம், அது எந்த வகையில் கெடுக்கிறது என்றும் எழுதுங்கள் என்று கேட்கிறேன்.

செதில் தோலோடு வரும் குழந்தைக்குக் களிம்பு எழுதும்போதே காதுச் சோதனைக்கும் கண் மருத்துவரிடமும் அனுப்புங்கள். இந்தக் குழந்தைகளுக்குத் தோலில் தொற்று எளிதில் பிடிக்கும், வளர்ந்த பிறகு தோல் புற்றுநோய் வரும் அபாயமும் அதிகம், ஆகவே தொடர்ந்து பார்க்க வேண்டியவர்கள். பெற்றோருக்கு ஒன்றும் இல்லாமல் குழந்தையிடம் புதிதாகத் தோன்றிய மாற்றமாக இது பல நேரம் இருக்கும், அதனால் இங்கேயும் குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்பது ஒன்றையும் நிரூபிக்காது. இதே வரிசையில் கனெக்ஸின் 30 கெட்டால் நகம் தடித்து, முடி உதிர்ந்து, உள்ளங்கை தடிக்கும் கிளவுஸ்டன் நோய்க்குறி, கனெக்ஸின் 31 கெட்டால் சிவந்த திட்டுகள் இடம் மாறி இடம் தோன்றும் நோய். முதலாவதில் வியர்வையும் பற்களும் இயல்பாக இருப்பதே அடையாளம்.

கண் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் அதன் வரலாறு எனக்குப் பிடித்தமானது. பிறவிக் கண்புரை உள்ள ஒரு குடும்பத்தில் அந்தப் புரையும் டஃபி என்ற ரத்த வகையும் சேர்ந்தே பரம்பரையாக வருவதை 1963இல் ரென்விக், லாலர் இருவரும் கண்டார்கள். டஃபி முதலாவது குரோமோசோமில் இருப்பது 1968இல் தெரிந்தது, பாலினம் சாராத குரோமோசோம் ஒன்றில் மனித மரபணு ஒன்றை இடம் குறித்தது அதுதான் முதல்முறை. அந்தப் புரைக்குக் காரணமான மரபணு 1998இல் பிடிபட்டது: கனெக்ஸின் 50. லென்ஸுக்குள் ரத்தக் குழாய் கிடையாது, நடுவில் உள்ள செல்கள் ஒளி தடையின்றிப் போவதற்காக உட்கருவையே இழந்து வாழ்கின்றன, ஊட்டம் எல்லாம் செல்லுக்குச் செல் கைமாறித்தான் வர வேண்டும். கனெக்ஸின் 46, 50 இரண்டில் எது கெட்டாலும் அங்கே புரை விழுகிறது.

கனெக்ஸின் 43தான் உடலில் மிகப் பரவலாக இருப்பது. அதில் மாற்றம் வந்தால் கண், பல், விரல் மூன்றையும் பாதிக்கும் ஒடிடிடி என்ற நோய் வருகிறது என்று 2003இல் தெரிந்தது. மோதிர விரலும் சுண்டு விரலும் ஒட்டியிருக்கும், பல் எனாமல் மெலிந்து சீக்கிரம் சிதையும், கண் சிறிதாக இருக்கும், வயது ஏற ஏறச் சிலருக்குக் கால் விறைப்பும் சிறுநீர்க் கட்டுப்பாட்டுச் சிக்கலும் வரும். பல் மருத்துவர்தான் இதை முதலில் பார்க்கப் போகிறார். கையையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள், கண்ணழுத்தம் பார்க்கவும் அனுப்புங்கள், ஏனென்றால் இவர்களுக்கு கிளாக்கோமா வரலாம்.

இதயத்தின் கீழறைகளில் மின் அலையைக் கடத்துவது முக்கியமாக இதே கனெக்ஸின் 43 என்பதால், இந்த நோயாளிகளுக்கெல்லாம் இதயம் நின்றுபோகும் என்று எதிர்பார்ப்போம். பெரும்பாலும் அப்படி ஆவதில்லை, சிலருக்கு மட்டும் துடிப்பில் கோளாறு வருகிறது. ஆனால் எலிகளின் இதயத்திலிருந்து மட்டும் இதை முழுதாக நீக்கிப் பார்த்தபோது, இதயத்தின் அமைப்பும் சுருங்கும் வலுவும் இயல்பாகவே இருந்தும் அவை சில வாரங்களில் திடீர்த் துடிப்புக் கோளாறால் இறந்தன. 2001இல் வெளிவந்த ஆய்வு இது. மாரடைப்புக்குப் பிறகு மனித இதயத்திலும் இந்தப் புரதம் செல்லின் முனைகளில் இருக்க வேண்டிய இடத்தை விட்டுப் பக்கவாட்டுக்குச் சிதறுகிறது, மின் அலை தாறுமாறாகத் திரும்புகிறது. அதன் ஆயுள் சில மணி நேரம்தான், தினமும் பலமுறை புதிதாகச் செய்து அடுக்கப்படுகிறது. அதனால்தான் ஒரு பாதிப்பு வந்தவுடன் இவ்வளவு சீக்கிரம் இடம் மாறுகிறது.

மேலறைக்குரிய கனெக்ஸின் 40 பற்றி 2006இல் வந்த ஆய்வை இதய மருத்துவர்கள் மறக்கக் கூடாது. காரணம் தெரியாத ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் கோளாறு, உள்ள 15 பேரின் இதயத் திசுவைச் சோதித்ததில் 4 பேருக்கு இந்த மரபணுவில் மாற்றம் இருந்தது, அவர்களில் 3 பேருக்கு அது இதயத் திசுவில் மட்டும் இருந்தது, ரத்தத்தில் இல்லை. ரத்தப் பரிசோதனை சுத்தமாக வந்துவிட்டது என்பதை வைத்து எவ்வளவு தூரம் முடிவு சொல்லலாம் என்பதை அந்தச் சின்ன ஆய்வு யோசிக்க வைக்கிறது.

புற்றுநோய் பற்றி ஒரு எச்சரிக்கை மட்டும். 1966இல் லோவன்ஸ்டைன், கான்னோ இருவரும் ஈரல் புற்றுச் செல்கள் பக்கத்துச் செல்களோடு இந்தத் தொடர்பை இழந்திருப்பதைக் காட்டினார்கள். அதிலிருந்து, பாதை மூடினால் புற்று, திறந்தால் குணம் என்ற எளிய கருத்து ஒன்று நிலைத்துவிட்டது. பின்னால் வந்தவை அதைச் சிக்கலாக்கின. சில மூளைக் கட்டிகளின் செல்கள் நீண்ட குழல்களை நீட்டி, கனெக்ஸின் 43 வழியாக ஒன்றோடொன்று வலையாகப் பிணைந்து, கதிர்வீச்சைத் தாங்கிக்கொள்கின்றன என்று 2015இல் காட்டினார்கள். மார்பகத்திலிருந்தும் நுரையீரலிலிருந்தும் மூளைக்குப் பரவிய புற்றுச் செல்கள் அங்கே நரம்புச் செல்களுக்குத் துணையாக இருக்கும் ஆஸ்ட்ரோசைட் செல்களோடு இதே பாதையைப் போட்டு, அவற்றைக் கொண்டே தம் வளர்ச்சியைத் தூண்டிக்கொள்கின்றன என்று 2016இல். எனவே கேப் ஜங்ஷனைத் திறக்கும் மருந்து புற்றைக் குணமாக்கும் என்று யாராவது நோயாளியிடம் சொன்னால், எந்தப் புற்று, எந்தக் கட்டம் என்று கேட்டு நிறுத்துங்கள்.

குழந்தையின்மைப் பிரிவினருக்கும் ஒரு வரி. கனெக்ஸினைப் போலவே சவ்வில் அமைந்தாலும் வேறு குடும்பத்தைச் சேர்ந்த பானெக்ஸின் என்ற புரதங்கள் பெரும்பாலும் பக்கத்துச் செல்லோடு சேராமல் தனிக் குழாயாகவே வேலை செய்து செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியை வெளியே விடுகின்றன. பானெக்ஸின் 1இல் ஏற்படும் மாற்றத்தால் சில பெண்களின் கருமுட்டைகள் கருத்தரிப்புக்கு முன்போ பின்போ இறந்துவிடுகின்றன என்று 2019இல் தெரிந்தது. முட்டைகள் திரும்பத் திரும்பச் சிதைவதற்கு அந்தப் பெண்ணின் உணவையும் மன அழுத்தத்தையும் காரணம் சொல்லும் முன் இதையும் நினையுங்கள்.

குடும்பங்கள் என்னிடம் கடைசியாகக் கேட்பது மரபணு சிகிச்சை. ஓட்டோஃபெர்லின் என்ற வேறொரு மரபணுவால் காது கேளாமல் பிறந்த குழந்தைகளுக்குச் சிகிச்சைக்குப் பின் கேட்கத் தொடங்கியது என்ற செய்திகள் 2024இல் வந்ததிலிருந்து, எங்கள் பிள்ளைக்கு எப்போது என்று கேட்கிறார்கள். கனெக்ஸின் 26 விஷயம் இன்னும் கடினம். மரபணு போய்ச் சேர வேண்டியது துணைச் செல்களுக்கு, மயிர் செல்களுக்குள் தவறிப் போய் அளவுக்கு மீறி உண்டானால் அவற்றையே கெடுக்கிறது என்று எலிகளில் பார்த்திருக்கிறார்கள். எலிக்குட்டி பிறந்த பிறகுதான் அதன் காது முதிர்கிறது, மனிதக் குழந்தைக்கோ தாயின் வயிற்றிலேயே அந்தக் கட்டம் முடிந்துவிடுகிறது. எலியில் கிடைத்த பலன் அப்படியே இங்கே வரும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், அதற்காகக் காத்திருந்து இம்ப்ளாண்டையோ சைகை மொழியையோ தள்ளிப்போடவும் விடாதீர்கள். மொழி கற்கும் வயது காத்திருக்காது.

பாடத்திட்டக் குழுவிடம் நான் எதிர்பார்ப்பது, நோய்களைக் கற்கும் ஆண்டுகளில் ஒரே ஒரு வகுப்பு. ஐந்து பிரிவு ஆசிரியர்களும் அதில் ஒன்றாக உட்கார்ந்து, ஒரு குடும்ப வரைபடத்தை முன்னால் வைத்து, யார் எதைத் தவறவிட்டிருப்பார்கள் என்று மாணவர்கள் முன்னிலையில் பேசட்டும். ஆய்வகத்தாரிடம், அறிக்கையின் முதல் பக்கத்திலேயே மாற்றத்தின் துல்லியமான இடத்தையும், அது ஒரு பிரதியில் இருக்கிறதா இரண்டிலுமா என்பதையும், எந்தெந்த மாற்றங்களைச் சோதிக்கவில்லை என்பதையும் குடும்பத்துக்குப் புரியும் மொழியில் எழுதச் சொல்லுங்கள். அந்தக் கடைசி விவரம் இல்லாமல் வரும் தாள்களால்தான், ஒன்றும் இல்லை என்று சொல்லப்பட்ட பெற்றோர் இரண்டாவது குழந்தையோடு திரும்பி வருகிறார்கள். அந்த வகுப்புக்கு எடுத்துக்காட்டாகப் பெயர், அடையாளம் நீக்கிய குடும்ப வரைபடங்கள் வேண்டுமென்றால், குடும்பங்களின் ஒப்புதல் பெற்று நானே தயாரித்துத் தருகிறேன், வந்து பேசவும் தயார்.

அன்புடன்,
ஒரு மரபியல் ஆலோசகர்